மலைநாட்டில் பழைய சாமான் விற்கப் போகிறீர்களா? முதலில் காயவையுங்கள்

போர்டில் 'கராஜ் சேல்' என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கம் கராஜ் என்றால் வேன் திருத்துகிற இடம், சைலன்சர் கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். 'பாவித்த வீட்டுச் சாமான் விற்பனை' என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி, கீழே திகதி, நேரம், ஓர் அம்புக்குறி போட்டால் போதும். தோட்டத்துக்குள் என்றால் முன்கூட்டியே ஆபீசில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

நாள் பார்ப்பதில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று மழை. ஹட்டன், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நம்பலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் மழை கொட்டும், அங்கே ஜூன், ஜூலை நல்லது. மற்றது சம்பளம். பல தோட்டங்களில் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் போடுவார்கள், அதற்கடுத்த ஞாயிறை எடுங்கள். டவுனில் வீடு என்றால் காலை 8 மணிக்குத் தொடங்கலாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் என்றால் ஆறரைக்கே இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பரப்பிவிட வேண்டும். சனம் பஸ் ஏறி டவுனுக்கு இறங்கிவிட்டால், திரும்பி வரும்போது கையில் சல்லி மிஞ்சாது. எங்கே வைத்தாலும் பகல் ஒரு மணியோடு மூடுங்கள். பின்னேரம் மழை பெய்யாவிட்டாலும் பனிமூட்டம் இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

உண்மையான வேலை இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குகிறது. இங்கே நன்றாக ஓடுகிற சாமான் சுவெட்டர், கம்பளி, பூட்ஸ். ஆனால் அலுமாரியில் கிடந்த சுவெட்டரை வாங்க வந்தவர் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். பூஞ்சண வாடை வந்தால் 400 ரூபாய்ச் சுவெட்டர் 50 ரூபாய்க்கும் போகாது. கழுவி, இரண்டு மூன்று வெயில் காட்டி, உள்ளே ஒரே கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் பொலித்தீன் பையில் கட்டி வைப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. இரவுக் குளிரில் பைக்குள்ளேயே வியர்த்து, மறுபடி ஈரமாகிவிடும். துணிச்சாக்கில் போடுங்கள். தோல் சப்பாத்தில் வெள்ளைப் பூஞ்சணம் என்றால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நிழலில் காயவைத்து, பொலிஷ் போடுங்கள். மர லாச்சி ஈரத்தில் ஊதி இறுகியிருந்தால் ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தால் வழுக்கும். இறுகிய லாச்சியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தவர் மேசையை வாங்கமாட்டார்.

விலைச்சீட்டை செலோடேப்பில் ஒட்டினால் பனியில் கழன்று விழும், நூலில் கட்டுங்கள். நல்ல நிலையிலுள்ள பாத்திரம், மின்சாமான் என்றால் புதியதின் மூன்றிலொரு பங்கு. உடுப்பு என்றால் பத்திலொரு பங்கு. பேரத்துக்கு ஐந்திலொரு பங்கு கூட்டி எழுதுங்கள். "கடைசி விலை என்ன?" என்று கேட்காமல் வாங்குகிறவர் நம் ஊரில் குறைவு.

மின்சாமானை ஓட்டிக் காட்டாமல் விற்க முடியாது. சதுர முள், வட்ட முள் பிளக் இரண்டும் வீடுகளில் இருப்பதால் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு மல்டிபிளக் வேண்டும். ரைஸ் குக்கருக்கு அரிசி தேவையில்லை. கால் கப் தண்ணீர் ஊற்றி அழுத்துங்கள், தண்ணீர் வற்றியதும் 'டக்' என்று சுவிட்ச் மேலே வர வேண்டும். வராவிட்டால் அது பழுது, அப்படியே சொல்லி விலையைக் குறையுங்கள். ஃபோன் என்றால் முதலில் கூகிள் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு ரீசெட் பண்ணுங்கள். ரீசெட் மட்டும் பண்ணினால் வாங்கியவரிடம் பழைய பாஸ்வேர்ட் கேட்டு நிற்கலாம், மறுநாள் சண்டைக்கு வருவார். பழைய கேஸ் ஹோஸ், விழுந்து அடிபட்ட ஹெல்மட், மிச்ச மருந்து எதையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அரசாங்கம் இலவசமாகத் தந்த பாடநூலுக்கும் விலை போடாதீர்கள், கேட்கிற பிள்ளைக்குச் சும்மா கொடுங்கள்.

மாத்துக்காசு 5,000 ரூபாய் வேண்டும்: 100 ரூபாய் நோட்டு 30, ஐம்பது 20, இருபது 25, பத்து ரூபாய்க் குற்றி 50. முதல் ஆளே ஐயாயிரம் நோட்டை நீட்டி 150 ரூபாய்ச் சாமான் கேட்டால், பக்கத்துக் கடையில் மாற்றி வரச் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் எட்டரைக்கே சில்லறை தீர்ந்துவிடும். காசு பிஸ்கட் டின்னில் அல்ல, இடுப்புப் பையில், ஒரே ஆளிடம். மற்றவர் சாமான் காட்டட்டும்.

"சம்பளத்துக்குத் தாரேன் அக்கா" என்று கேட்பவர்கள் வருவார்கள். கால்வாசி வாங்கிக்கொண்டு, கொப்பியில் எழுதி, சாமானை உங்களிடமே வையுங்கள். தெரிந்த ஆளிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கடைசி லயத்து மாமியிடமும் சொல்லத்தான் வேண்டும்.

அலுமாரி, கட்டில் விற்றால் படிக்கட்டில் எப்படி இறக்குவது என்று விலை பேசும்போதே கேளுங்கள். கழற்றித் தருவதென்றால் ஸ்க்ரூவைச் சின்னப் பையில் போட்டுப் பலகையிலேயே கட்டிவிடுங்கள். பதினொன்றரைக்குமேல் மிஞ்சிய உடுப்புகளை 'ஒரு சாக்கு 500' என்று தள்ளலாம். அதற்கும் போகாததை அன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், மறுபடி அலுமாரிக்குள் ஏற்றாதீர்கள்.