கேம் ஓடுகிறது, நம்ம சர்வர் மட்டும் இல்லை

ஆன்லைன் விளையாட்டுகளுக்கு வட்டார உரிமம் வாங்கி நடத்தும் ஒரு நிறுவனத்தில், ஆட்டக்காரர்களின் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். விளையாட்டை உருவாக்கியவர்கள் வேறு நாட்டில் இருப்பார்கள். அவர்கள் தருவதை எங்கள் சர்வரில் ஏற்றி ஓட்டுவது எங்கள் வேலை. கணக்கு தொடங்குவது, டாப்-அப் பணம் வாங்குவது, உள்ளூர் மொழிக்கு மாற்றுவது, ஹேக் போட்டு ஆடுபவர்களைத் தடை செய்வது எல்லாம் எங்கள் பொறுப்புதான். ஒப்பந்தக் காலம் முடியும்போது, புதுப்பிக்க வேண்டாம் என்று யாராவது ஒரு தரப்பு முடிவெடுத்தால் போதும், அந்தச் சர்வருக்கு மூடுவிழா.

ஒரு விளையாட்டு உலகம் முழுக்க நின்றுபோனால் அந்த இழப்பு எல்லாருக்கும் பொது. 2012 நவம்பர் 30 அன்று சிட்டி ஆஃப் ஹீரோஸ் நின்றது அப்படித்தான். வட்டார சர்வர் மூடும்போது நடப்பது வேறு. விளையாட்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் புது அப்டேட் வரும், அதன் வீடியோவை மூடிய சர்வரில் ஆடியவர்களும் பார்ப்பார்கள். இவர்கள் வளர்த்த கேரக்டர் மட்டும் எங்கும் இருக்காது. "கேம் நல்லாத்தானே ஓடுது, எங்களை மட்டும் ஏன் வெளிய அனுப்புறீங்க?" என்று ஒருவர் எங்களுக்கு எழுதினார். அனுப்பச் சொல்லி எங்களுக்குக் கொடுத்திருந்த பதிலில் 'வணிகக் காரணங்கள்' என்று இருந்தது. அதை அனுப்பவே மனசு வரவில்லை.

பெரிய விளையாட்டுகளும் இதற்கு விலக்கல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்டுக்கும், சீனாவில் அதை நடத்திய நெட்ஈஸுக்கும் 2008 முதல் இருந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படாததால், 2023 ஜனவரியில் சீனாவில் அந்த விளையாட்டு நின்றது. மற்ற நாடுகளில் அதே விளையாட்டு அன்றும் ஓடியது. மூடுவதற்கு முந்தைய நாட்களில், கேரக்டர் விவரங்களைத் தங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள ஆட்டக்காரர்களுக்கு ஒரு வசதி கொடுத்தார்கள். இரு தரப்பும் மறுபடி கைகோத்து 2024-ல் சர்வர்களைத் திறந்தார்கள். இந்தியாவில் காரணம் அரசு உத்தரவு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்டது, அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கில் இருந்தவற்றைக் கொண்டுவர ஒரு கால வரம்பு வைத்து வழி செய்தார்கள். அந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஐடி போய்விட்டது என்று அழுத பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்த காலம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐடிக்குள் என்ன இருக்கும் என்று தினமும் பார்க்கிற வேலை என்னுடையது.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் முன்கூட்டிப் பணம் கட்டி வாங்கும் கேம் நாணயம் 'கட்டணச் சேவைகள் சட்ட'த்துக்குள் வருகிறது. சேவை நின்றால் செலவாகாமல் மீதமிருப்பதைத் திருப்பித் தர வேண்டும். செலவாகாத நிலுவை 1 கோடி யென்னைத் தாண்டினால், அதில் பாதிக்காவது முன்பே வைப்புத்தொகையோ அதற்கு ஈடான உத்தரவாதமோ காட்டியிருக்க வேண்டும். இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் எல்லாம் விதிமுறைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். நாங்கள் மூடிய ஒரு சர்வரில், மூடுவது என்று உள்ளே முடிவான பிறகும் டாப்-அப் திறந்தே இருந்தது. அறிவிப்புக்கு முந்தைய வாரம் தள்ளுபடி விற்பனை கூட நடந்தது. எங்கள் பிரிவில் நாங்கள் சிலர் எதிர்த்துப் பேசினோம், எடுபடவில்லை. மீதமிருந்த நாணயத்துக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அந்த வாரம் அதை வாளாகவும் கவசமாகவும் மாற்றியவர்களுக்கு ஒன்றும் இல்லை, 'பயன்படுத்தப்பட்டது' என்று கணக்கு முடிந்துவிட்டது. மூடும் முடிவு எடுத்த அன்றே பணம் வாங்குவதை நிறுத்த வேண்டும். மனிதரை மனிதர் மதிக்கிற குறைந்தபட்ச அளவு அது.

சரி, கேரக்டரை வேறு பிராந்தியத்துக்கு அனுப்பிவிட்டால் என்ன? எல்லாரும் கேட்பது இதைத்தான். தொழில்நுட்பத்தில் இது நடக்காத காரியமில்லை. தென்கிழக்கு ஆசியாவில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸை, அங்கே நடத்திவந்த கரீனாவிடமிருந்து, அதை உருவாக்கிய ரயட் 2023 ஜனவரியில் நேரடியாக எடுத்துக்கொண்டபோது கணக்குகளை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வேலை உண்டு. லாகின் விவரம் எங்கள் தரவுத்தளத்தில் இருக்கும், கேரக்டர் விவரம் இன்னொன்றில் இருக்கும். எங்கள் பிராந்தியத்துக்கென்று செய்த உடைக்கு அங்கே உள்ள பொருள் பட்டியலில் எண்ணே இருக்காது. ஒரே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒருவர் இருப்பார். போட்டித் தரவரிசையில் வெளியாட்களைச் சேர்த்தால் அங்கே ஆடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள். தனிநபர் தகவலை நாடு தாண்டி அனுப்ப ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். மூடுவதற்குச் சில மாதம் இருக்கும்போது, பிரிந்துபோகிற இரண்டு நிறுவனங்கள் உட்கார்ந்து இதையெல்லாம் செய்யுமா? செய்யாது. பார்த்துவிட்டேன்.

வெறுங்கையோடு வேறு பிராந்தியத்துக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் அடி பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே 100 மில்லி விநாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு, ஆகவே 200-ஐத் தாண்டிவிடும். பாஸ் எனப்படும் பெரிய எதிரி கையை ஓங்கும்போதே விலகப் பழகிய விரல் இப்போதும் சரியான நேரத்தில்தான் அழுத்துகிறது, திரையில் கேரக்டர் அடி வாங்கி விழுகிறது. அப்புறம் நேரம். கில்ட் (சேர்ந்து ஆடும் குழு) போர் அங்கே சாயங்காலம் என்றால் இவர்களுக்கு விடியற்காலை. சாட்டில் வேறு மொழி. பலர் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கில்ட் தலைவி அனுப்பிய டிக்கெட்டை, அதாவது எங்கள் பிரிவுக்கு வந்த கோரிக்கையை, சொல்ல வேண்டும். அவர் பணம் கேட்கவில்லை, கேரக்டரைக் கேட்கவில்லை. கில்ட் உறுப்பினர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருந்தார். பாதிப் பெயர்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. ரொம்ப நாளாக உள்ளே வராதவர்கள். "இவங்க யாரோட நம்பரும் என்கிட்ட இல்ல. நிஜப் பெயர் கூடத் தெரியாது. சர்வர் மூடப்போறது இவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்." மின்னஞ்சல் முகவரிகளை அவருக்குத் தர எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் நாங்களே அனுப்பலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். வழக்கமாக அறிவிப்பு மின்னஞ்சல் சமீபத்தில் ஆடியவர்களுக்கு மட்டும்தான் போகும். அந்த வரம்பை எடுத்துவிட்டு, கணக்கு வைத்திருந்த எல்லாருக்கும் அனுப்ப மேலாளரிடம் சம்மதம் வாங்கினோம். கூடவே அவரவர் கேரக்டர் பெயரையும் கில்ட் பெயரையும் சேர்த்தோம்.

மின்னஞ்சல் போன பிறகு சர்வரில் கூட்டம் ஏறியது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வந்த டிக்கெட்டுகளே வேறெதையும்விட அதிகம். அந்தத் தலைவி கில்ட் அறிவிப்புப் பலகையில் தினமும் ஒரு வரி மாற்றினார்: இன்று எத்தனை மணிக்கு, எந்த ஊர் வாசலில் கூடுவது என்று. கடைசி வாரத்தில் யாரும் சண்டைக்குப் போகவில்லை. பெட்டகத்தைத் திறந்து அரிய பொருட்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தார்கள். வெளியே எப்படித் தொடர்பு கொள்வது என்று சாட்டில் விவரம் பரிமாறிக்கொண்டார்கள். தொலைபேசி எண்ணைத் தானாக மறைக்கும் வடிகட்டி அதற்குக் குறுக்கே நின்றது, அதைக் கடைசி நாட்களுக்கு மட்டும் தளர்த்தச் சொல்லிக் கேட்டோம். சிறுவர்கள் பாதுகாப்பு கருதி மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு நியாயமானது. அதற்குப் பதிலாக, இருவரும் சம்மதித்தால் மட்டும் ஒருவருக்கொருவர் முகவரி போய்ச்சேரும்படி எங்கள் பிரிவே ஒரு படிவம் தயாரித்தது.

தி க்ரூ விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்ட பிறகு 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் எழுந்தது. அதையொட்டி ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்த குடிமக்கள் கோரிக்கையில் 2025-ல் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். விற்ற விளையாட்டைச் சேவை முடிந்த பிறகும் ஆடக்கூடிய நிலையில் விட்டுவைக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆனால் வட்டார சர்வர்காரர்களின் தேவை இதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. விளையாட்டு உயிரோடுதான் இருக்கிறது, அதற்குள் போக அவர்களுக்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையை உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கு இரு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நல்ல எண்ணம் இருக்கும்.

சமீபத்தில் ஒரு புது விளையாட்டுக்கு ஒப்பந்தம் பேசும்போது எங்கள் சட்டப் பிரிவிடம் இதைச் சொன்னேன், அவர்களும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்த்தார்கள்: கணக்கு தொடங்கும்போதே ஆட்டக்காரரின் சம்மதம் வாங்குவது, கேரக்டர் விவரத்தின் நகலை மாதாமாதம் உருவாக்கியவர்களுக்கு அனுப்புவது, சர்வர் மூடினால் அவர்கள் வேறு பிராந்தியத்தில் அதைத் திறந்து கொடுப்பது. பெயர், லெவல், உடைகள் மூன்றுக்கும் சம்மதித்தார்கள். நாணயத்துக்கு முடியாது என்றார்கள், சரி என்றோம். கில்ட் உறுப்பினர் பட்டியலுக்கு இன்னும் பேச்சு நடக்கிறது.