ரோமாபுரியில் உட்கார ஓர் இடம்

குழுச் சுற்றுலாவில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். நிகழ்ச்சி நிரலில் ‘பார்த்தல்’ என்று ஒரு வகை, ‘வெளியிலிருந்து பார்த்தல்’ என்று ஒரு வகை, ‘பேருந்தில் போகும்போதே பார்த்தல்’ என்று ஒரு வகை இருக்கும். மூன்றாவதுதான் அதிகம். கொலோசியம் எங்கள் தாளில் இரண்டாவது வகையில் இருந்தது. “கி.பி. 80இல் திறந்த அரங்கம் இது, ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம்” என்று வழிகாட்டி மைக்கில் சொன்னார். மாமாவின் காதில் ‘உட்காரலாம்’ மட்டும்தான் விழுந்தது.

“எங்கே?” என்றார்.

மாமாவுக்கு முழங்கால் தகராறு. பத்து நிமிடம் நின்றால் பதினோராவது நிமிடம் கண்கள் தானாக நாற்காலி தேடும். அத்தை நேர் எதிர். நிற்காத பேருந்திலிருந்துகூட இறங்கிப் பார்த்துவிடுகிற ஆள். இவர்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நான்.

வத்திக்கானில் முதல் பிரச்சினையும் முழங்காலால்தான் வந்தது. ஆனால் வலியால் அல்ல. வெயில் என்று மாமா அரைக்கால் சட்டையில் வந்திருந்தார். புனித பேதுரு பேராலயத்தில் ஆணோ பெண்ணோ, தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். காவலர் ஒன்றும் பேசவில்லை, மாமாவின் முட்டியை மட்டும் விரலால் காட்டினார். “ஆமாம் சார், ரொம்ப வலி” என்று மாமா தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

அத்தை பையிலிருந்து பருத்திச் சால்வையை எடுத்து நீட்டினார். நீல நிறம், ஓரத்தில் மயில். மாமா அதை இரண்டு சுற்றுச் சுற்றி வேட்டியாகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். காவலர் மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி விட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படி ஏறும்போது பழக்கதோஷம், மாமா சால்வையைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டுவிட்டார். முழங்கால்கள் மறுபடி வெளியே. பின்னாலிருந்து “சிஞ்ஞோரே!” (ஐயா!) என்று ஒரு குரல்.

“ஏங்க, கோயிலுக்குள்ளே மடிச்சுக் கட்டுவீங்களா நீங்க?” என்று அத்தை கேட்டதும்தான் மாமாவுக்கு விஷயம் உறைத்தது. சட்டென்று இறக்கிவிட்டார். காவலரைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். அந்த ஊர் விதியை அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிஸ்டைன் சிற்றாலயத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. சுவரோரம் நீளமாக உட்காரும் மேடை இருக்கிறது. ஒருவர் எழுந்திருக்க, அவர் முழுசாக நிமிர்வதற்குள் மாமா அமர்ந்தாயிற்று. உள்ளே படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. கூட்டத்தின் முணுமுணுப்பு ஏறியவுடன் காவலர்கள் “சிலென்சியோ!” (அமைதி!) என்று ஒரு அதட்டல் போடுவார்கள். அங்கே கேட்கிற பெரிய சத்தமே அதுதான். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரை. எங்கள் குழுவுக்குக் கொடுத்தது கால் மணி நேரம். மற்றவர்கள் கழுத்து வலிக்க நின்று பார்த்தபோது மாமா மட்டும் சுவரில் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு உருவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், மைக்கேலாஞ்சலோ படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலர் சொன்னாலும் உண்மையில் சாரத்தின் மேல் நின்றபடிதான் வரைந்தார் என்று நான் சொன்னேன்.

“நின்னுக்கிட்டா? நாலு வருஷமா?” என்ற மாமாவின் முகத்தில் அப்படி ஒரு மரியாதை. கலைக்காக வந்ததா, முட்டிக்காக வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை ஸ்பானியப் படிகள். பெயரில் ஸ்பெயின், இருப்பது ரோமில், 1720களில் கட்டியது பிரெஞ்சுக்காரர் ஒருவர் விட்டுப்போன பணத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், அகலமாக, வழுவழுப்பாக, மாலை வெயிலில் இளஞ்சூடாக. உட்காருவதற்கென்றே செய்தது போல. மாமா “அப்பாடா” என்று உட்கார்ந்தார்.

பீப்! ஒரு விசில்.

மாநகரக் காவலர் ஒருவர் கையை மேலே மேலே ஆட்டினார். மாமா தன்னை இல்லை என்று நினைத்துக்கொண்டு, யாரோ பாவம் என்று திரும்பிப் பார்த்தார். மறுபடி பீப்! 2019 முதல் அந்தப் படிகளில் உட்காரத் தடை. அபராதம் 250 யூரோ, படியை அசுத்தம் செய்தால் 400 வரை போகும். நான் சொன்னதும் மாமா மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தார். அந்தக் கணக்கு முடிவதற்குள் முழங்கால் வலி போய்விட்டது.

என்னைக் கேட்டால் அந்த விதியில் பாதி நியாயம் இருக்கிறது. ஒயினும் சூயிங்கமும் காபியும் ஊறிப்போன படிகளை 2016இல்தான் பெருஞ்செலவில் சுத்தப்படுத்தித் திறந்திருந்தார்கள். கொட்டியவர்களுக்குப் போட்ட தண்டனை மாமா மாதிரி சும்மா உட்காருகிறவர்கள் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவசர உலகத்துக்கு எதிராக ஓர் இயக்கமே கிளம்பிய இடம் இது. 1986இல் இந்தப் படிகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது, எதிர்ப்புக் காட்ட வந்தவர்கள் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் பென்னே பாஸ்தா கொடுத்தார்கள். இத்தாலியர் கார்லோ பெத்ரினியின் ‘ஸ்லோ ஃபுட்’, அதாவது நிதான உணவு இயக்கம் அப்படித்தான் பிறந்தது. மெதுவாக வாழச் சொன்ன இடத்தில் இன்று உட்கார்ந்தால் விசில்.

சரி, காபிக் கடையிலாவது உட்காரலாம் என்று போனோம். இத்தாலியில் கடை கவுண்டர் அருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் அமர்ந்தால் பல கடைகளில் அதைவிடக் கூடுதல் விலை. மாமா விலைப்பலகையைப் படித்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். நின்றுகொண்டே குடித்தார்.

மறுநாள் திட்டம் ஃபிளாரன்ஸும் பீசாவும், ஒரே நாளில். காலை ஆறு மணிக்குப் பேருந்து. “சாய்ஞ்ச கோபுரம்தானே? சாய்ஞ்சபடியே இருக்கட்டும், நான் எங்கேயாவது உட்காரணும் மாப்ளே” என்று மாமா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அத்தையும் ஆச்சரியமாக ஒப்புக்கொண்டார். அதனால் நாங்கள் மூவர் மட்டும் ஓர்வியேத்தோ என்கிற சின்ன ஊருக்குப் போனோம். ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். காகிதப் பயணச்சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் திணித்து முத்திரை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். முந்தைய நாள் விசில் இன்னும் காதில் இருந்ததால் மாமா இரண்டு தடவை திணித்தார்.

1999இல் ‘சித்தாஸ்லோ’ என்கிற நிதான நகரங்களின் கூட்டமைப்பைத் தொடங்கிய ஊர்களில் ஓர்வியேத்தோவும் ஒன்று. ஐம்பதாயிரம் பேருக்குக் குறைவான ஊர்களைத்தான் சேர்ப்பார்கள். சின்னம் நத்தை. மாமாவுக்கு அதைக் காட்டியதும் “நம்மாளு” என்றார்.

ஊர் ஒரு பாறைமேட்டின் தலையில் இருக்கிறது. ரயிலடியிலிருந்து கம்பியிழுவை ரயிலில் ஏறி இறங்கினால் பக்கத்திலேயே ஒரு கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே ஓடிவந்த போப் ஏழாம் கிளமென்ட், முற்றுகை வந்தால் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று தோண்டச் சொன்னது. ஆழம் ஐம்பது மீட்டருக்கு மேல், இறங்க 248 படி. படி எண்ணிக்கையைப் படித்த நான் “மாமா, நீங்க மேலயே உட்காருங்க” என்றேன். உட்காரச் சொன்னதும்தான் அவருக்கு ரோஷம் வந்தது.

கிணற்றைக் கட்டிய கட்டடக் கலைஞர் சாங்கல்லோ கெட்டிக்காரர். ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுழல்பாதைகள். தண்ணீர் எடுக்க ஒன்றில் இறங்கும் கழுதை, மற்றதில் ஏறும் கழுதையோடு முட்டிக்கொள்ளாது. கழுதைக்காகப் போட்ட படி என்பதால் உயரம் குறைவு, அகலம் அதிகம். மாமாவின் முட்டிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. சுவரில் சுற்றிலும் ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் மாமா நின்று, எட்டிப் பார்த்து, மூச்சு வாங்கி இறங்கினார். அத்தை அதற்குள் அடிவரை போய், சின்னப் பாலத்தைக் கடந்து, அடுத்த பாதையில் ஏறத் தொடங்கியிருந்தார். எதிர்ச் சுவர் ஜன்னலில் திடீரென்று அவர் முகம்.

“ஏங்க! அங்க என்ன பண்றீங்க?”

கிணறு முழுக்க “பண்றீங்க, பண்றீங்க” என்று எதிரொலித்தது. எல்லா ஜன்னல்களிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. மாமா உதட்டில் விரலை வைத்து “சிலென்சியோ” என்றார். முந்தைய நாள் கற்றது. அப்புறம் என் பக்கம் திரும்பி, “சந்திக்காமலே போற வழி. கழுதைக்கு மட்டும் போட்டதா இது?” என்று மெதுவாகக் கேட்டார். அத்தைக்குக் கேட்டிருந்தால் இந்தப் பதிவின் மிச்சம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மதியம் பல கடைகள் மூடிவிட்டார்கள். மூன்று நான்கு மணிக்குத்தான் திறப்பார்களாம். நம்மில் சிலருக்கு இது எரிச்சல் தரும், காசோடு வந்தவனை வாசலில் நிறுத்துகிறார்களே என்று. எனக்கு அது பிடித்திருந்தது. 1290இல் தொடங்கிய பேராலயம் கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக எதிரே நிற்க, சதுக்கத்தின் ஓரத்தில் கல்திண்ணை. அதில் உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர். மாமா கிட்டே போய், உட்காரலாமா என்று கையால் கேட்டார். விசில் அனுபவம். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

மாமா உட்கார்ந்தார். எத்தனை மணி நேரம் என்று நான் பார்க்கவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மாமா முட்டியைத் தட்டிக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு, தன் கால்சட்டையைச் சுருட்டி அறுவை சிகிச்சைத் தழும்பைக் காட்டினார். மாமாவும் சுருட்டினார். “கோயில் வாசல்ல மறுபடியும் முட்டியா!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பெரியவரிடம் கைப்பேசியைக் காட்டி, அவர் சிரித்துத் தலையசைத்த பிறகு, முகம் விழாமல் முழங்கால்களை மட்டும் மாமா படம் எடுத்தார்.

அந்த நேரம் குழுவின் வாட்ஸப்பில் பீசா படங்கள் வரத் தொடங்கியிருந்தன. எல்லோரும் கோபுரத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா பதிலுக்கு முட்டிப் படத்தை அனுப்பினார்.

சுற்றுலா மேலாளர் உடனே கேட்டிருந்தார்: “சூப்பர் அங்கிள்! இது எந்த மியூசியம்? நம்ம லிஸ்ட்ல சேர்க்கலாமா?”