மழை நாளில் எடுத்த தண்ணீர்

வயலில் அடிக்கும் பூச்சிமருந்து ஆற்றில் எவ்வளவு கலக்கிறது என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தபோது, மாதம் ஒரு முறை போய்த் தண்ணீர் எடுத்து வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் அப்படியே செய்தோம். ஆய்வக அறிக்கையில் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நேராக ‘கண்டறியப்படவில்லை’ என்றே வந்தது. ஆனால் ஓடைக் கற்களைப் புரட்டினால் அட்டையும் நத்தையும்தான். வயல்கள் தொடங்கும் இடத்துக்கு மேலே போய்ப் பார்த்தால், அதே ஓடையில் ஒவ்வொரு கல்லிலும் மேஃப்ளை என்ற பூச்சியின், தண்ணீரில் வாழும் இளம்பூச்சிகள் ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே ஒன்றுகூட இல்லை. அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

மருந்து அடித்த பிறகு வரும் முதல் பெருமழைதான் அதை வழித்துக்கொண்டு வருகிறது. சின்ன ஓடையில் மருந்து கலந்த அந்த வெள்ளம் சில மணி நேரத்தில் வந்து போய்விடும். வெயில் நாளில் போய் எடுத்தால் எப்படிக் கிடைக்கும்?

மழைக்காக ராத்திரி பகலாகக் காத்திருக்கவும் முடியாது. அதனால் ஓடையில் கம்பி நட்டு, வழக்கமான நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலைக் கட்டினோம். மூடியில் இரண்டு குழாய்கள். வெள்ளம் ஏறும்போது ஒன்றில் தண்ணீர் நுழையும், உயரமான மற்றதில் காற்று வெளியேறும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, பைரித்ராய்டு வகை மருந்துகள் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அவை வண்டலிலும் படியும் என்பதால் அதையும் அள்ளி வந்தோம்.

முதல் மழைத் தண்ணீரிலேயே இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து இருந்தது. சரி, நச்சு எவ்வளவு என்று பார்க்க, நச்சுச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்த்தெள்ளின், பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை அதில் 48 மணி நேரம் விட்டோம். எல்லாம் நன்றாக நீந்தின. ‘நச்சு இல்லை’ என்று எழுதப் போனேன். கூட வேலை செய்த அக்காதான் தடுத்தார். இந்த மருந்து லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருந்தால்தான் டாஃப்னியாவுக்கு உறைக்கும், மேஃப்ளைக்கு மைக்ரோகிராம் கணக்கே போதும் என்றார்.

அப்புறம் மேலோடையிலிருந்து இளம்பூச்சிகளைக் கொண்டுவந்து அதே தண்ணீரில் விட்டோம். கால்கள் நடுங்கின. பிடித்திருந்த கல்லை விட்டன. மறுநாள் பெரும்பாலானவை மல்லாந்து கிடந்தன. பக்கத்துக் கிண்ணத்தில், மேலோடைத் தண்ணீரில் இருந்தவை செவுள்களை அசைத்தபடி இருந்தன. வெகுநேரம் அந்த இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுத நேர்ந்தால், பக்கத்திலேயே மாதிரி எடுத்த நாளையும் கடைசியாக மழை பெய்த நாளையும் சேர்த்து எழுதுகிறோம்.