கண்ணைத் திறந்து அடிக்கணும்

ஹைக்யூ என்கிற ஜப்பானிய வாலிபால் அனிமேயின் (கார்ட்டூன் தொடர்) இரண்டாவது சீசனில், ஒரே பள்ளி அணியில் ஆடுகிற ஹினாட்டாவும் காகேயாமாவும் கட்டிப் புரண்டு சண்டை போடுவார்கள். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஹினாட்டா பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எனக்கோ முதல் தடவை பார்த்தபோதே காகேயாமா பேசியதுதான் நியாயமாகப் பட்டது. சிஎன்சி ஷாப்பில் (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மிஷின்கள் உள்ள பட்டறை) குவாலிட்டி மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தவனுக்கு அப்படித்தான் படும் என்று வையுங்கள்.

எனக்கு இதைக் காட்டியவன் எங்கள் ஷாப்பில் ஓர் ஆபரேட்டர் பையன். டிப்ளமோ முடித்தவன். டீ நேரத்தில் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பான். பத்து நிமிட இடைவேளைக்குள் அரை எபிசோட்தான் முடியும், மீதியை நான் வீட்டில் போய்ப் பார்ப்பேன். அப்படியே தொற்றிக்கொண்டது. ஹருயிச்சி ஃபுருதாதே 2012 முதல் 2020 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வரைந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) அது, 45 தொகுதிகள். அனிமே 2014இல் தொடங்கியது. வாலிபாலைப் பற்றி என்பார்கள். என்னைக் கேட்டால் வேலையைப் பற்றி.

சண்டைக்கு வருகிறேன். ஹினாட்டா குள்ளம், 163 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் எகிறுவான். காகேயாமா பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர், கை அவ்வளவு துல்லியம். ஹினாட்டா கண்ணை மூடிக்கொண்டு முழு வேகத்தில் எகிறிக் கையை வீசினால் போதும், அந்தக் கை வருகிற இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காகேயாமா பாடு. முதல் சீசன் முழுக்க இந்த ஒரு அடியை வைத்துத்தான் கராசுனோ பள்ளி எல்லோரையும் மிரட்டுகிறது. கடைசியில் ஆவோபா ஜோசாய் பள்ளியோடு நடக்கிற ஆட்டத்தில் எதிரணி அதைப் படித்துவிடுகிறது. முக்கியமான பந்தில் ஹினாட்டா முன்னால் மூன்று பேர் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறார்கள். பந்து திரும்பி அவன் பக்கமே விழுகிறது. கண்ணை மூடியவனுக்கு அந்தச் சுவர் எங்கே தெரியப்போகிறது?

அதன்பின் டோக்கியோ அணிகளோடு சேர்ந்து பயிற்சி. அங்கே அதே அணியின் அசாஹி அடிக்க வேண்டிய பந்துக்கு ஹினாட்டா குறுக்கே பாய்கிறான். இருவரும் மோதிக்கொள்கிறார்கள். எல்லோரும் பதறுகிற நேரத்தில், இனிமேல் கண்ணை மூட மாட்டேன், பார்த்து அடிக்கப் போகிறேன் என்கிறான். காகேயாமாவின் பதில் கறார்: அந்த அடியில் உன் முடிவுக்கு வேலையே இல்லை.

இந்தப் பதிலைத்தான் ஆணவம் என்கிறார்கள். அவன் நிலையில் நின்று பாருங்கள். வசந்தகாலப் போட்டிக்கான தகுதிச் சுற்று நெருங்குகிறது. கையில் இருக்கிற ஒரே ஆயுதம் இன்னும் முக்கால்வாசி அணிகளிடம் செல்லுபடியாகிறது. ஹினாட்டா எகிறும்போது எதிரணித் தடுப்பாளர்கள் அவன் பின்னால் ஓடுவதால்தான் மற்ற அடிப்பவர்களான அசாஹிக்கும் தனாகாவுக்கும் வழி கிடைக்கிறது. இதைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினால், கட்டி முடிக்கும்வரை அணிக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. தவறி விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் செட்டரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கு அந்தப் பார்வை ஏற்கெனவே பழக்கம். நடுநிலைப் பள்ளியில் அவன் போட்ட வேகமான பந்தை அடிக்க ஒருத்தனும் எழும்பாமல், பந்து சும்மா தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒருவன் எதையும் துணிந்து மாற்றத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஷாப்பில் நடந்ததும் ஏறக்குறைய இதே பேச்சுதான். டர்னிங் சென்டர்கள் (கடைசல் மிஷின்கள்) வரிசையாக ஓடும். ப்ரோக்ராம் ஏற்றி, பீஸைப் பிடிக்கிற ஜாவைக் கட்டி, முதல் பீஸை எடுத்து என் மேசையில் ஓகே வாங்குகிறவரை எங்கள் ஊரிலும் செட்டர் என்றுதான் சொல்வோம். அதன்பின் பீஸை மாற்றி சைக்கிள் ஸ்டார்ட் தட்டுவது ஆபரேட்டர் வேலை. அந்தப் பையன் மிஷினில் ஓடியது பீஸுக்குள் கடைகிற 40 மில்லிமீட்டர் துளை, போர் என்போம், எச்7 வரம்பு. அதாவது 40.000க்கும் 40.025க்கும் நடுவில் அளவு நிற்க வேண்டும். மொத்த இடமே 25 மைக்ரான். இன்செர்ட் (வெட்டுகிற முனை) தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும். அவ்வப்போது ஆஃப்செட்டில் (மிஷினுக்குக் கொடுக்கிற திருத்த எண்) சில மைக்ரான் ஏற்றிக் கொடுத்தால்தான் அளவு நிற்கும். கொடுக்கிற உரிமை செட்டருக்கு மட்டும். பேனல் சாவி அவர் சட்டைப் பையில்.

சாவி இருக்கிறவருக்கு மிஷின் ஒன்றா இரண்டா? அவர் அந்தக் கடைசியில் ஜா மாற்றிக்கொண்டிருப்பார். இங்கே போர் கேஜின் முள் பீஸுக்கு பீஸ் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பையன் கண்ணெதிரே அது நடக்கும். ஓடிப்போய்க் கூப்பிட்டால் "வர்றேன் போ" என்பார். மிஷினை நிறுத்தினால் போர்டில் மணிக்கணக்கு எண்ணிக்கை குறையும், நிறுத்தாவிட்டால் கழித்த பீஸ் போடுகிற என் சிவப்பு பின் (தொட்டி) நிறையும்.

ஒருநாள் கேட்டேவிட்டான். "அண்ணா, அஞ்சு மைக்ரான் நானே குடுத்துக்கறேனுங்ணா. கேஜ் என்ற கையிலதானுங்களே இருக்குது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ பீசை மாத்து, பட்டனைத் தட்டு. அளவை நான் பாத்துக்கறேன். ப்ளஸ்சுக்கு மைனஸ் தட்டுனா பீஸ் போச்சு. புள்ளி எடம் மாறுச்சுன்னா டூல் எங்க போயி இடிக்கும்னே தெரியாது. ஸ்பிண்டில் போனா ஆபீஸ்ல கையக் கட்டிட்டு நிக்கறது நீயா, நானா?"

உன் முடிவுக்கு வேலை இல்லை என்பதுதான் இதுவும். பையன் முகம் தொங்கிப் போனது. அடுத்த நாள் டீ நேரத்தில் வேண்டுமென்றே அந்த எபிசோடை அவர் காது கேட்க ஓடவிட்டான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்படிப்பட்ட சண்டைகளைப் புதுமைக்கும் பழமைக்கும் நடக்கிற போராட்டமாகப் பேசுவது வழக்கம். பயிற்சி வகுப்பு எடுக்க வருகிறவர்கள் ஸ்லைடு போட்டே சொல்வார்கள். நான் பார்த்தவரை தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. தப்பு நடந்தால் யார் தலையில் விடியும், தப்பு செய்து பார்க்க இடம் எங்கே இருக்கிறது, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராதவரை வேண்டாம் என்கிறவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். சொல்லவும் வேண்டும்.

ஹைக்யூவில் இந்த இரண்டுக்கும் பதில் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. சண்டையைத் தனாகா வந்து பிரித்துவிட்ட பிறகு, இருவரையும் உட்கார வைத்து யாரும் சமாதானம் பேசுவதில்லை. கொஞ்ச காலம் தனித்தனியாகப் போகிறார்கள். ஹினாட்டா கோச் உகாயின் தாத்தாவிடம் போய் ஆரம்பத்திலிருந்து கற்கிறான். காகேயாமாவுக்கு உகாய் ஒரு வழி சொல்கிறார்: பந்து அடிப்பவனைத் தாண்டி ஓடாமல், அவன் உச்சிக்கு வருகிற இடத்தில் வேகம் தீர்ந்து நின்று விழ வேண்டும். பின்னோக்கிச் சுழலவிட்டால் அது நடக்கும். அந்த ஒரு கணம்தான் அடிப்பவனுக்குப் பார்க்கக் கிடைக்கிற நேரம். காகேயாமா தண்ணீர் பாட்டில்களைக் குறியாக வைத்துப் போட்டுப் போட்டுப் பார்க்கிறான்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. கண்ணைத் திறக்கிறேன் என்று சொன்னது ஹினாட்டா, ஆனால் கையை முழுக்க மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது காகேயாமா. அவ்வளவு நாள் பழகிய பந்தை விட்டுவிட்டு அதைவிடக் கடினமான ஒன்றை அவன் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் எப்படி? தன்னை எப்போதும் மட்டம் தட்டுகிற பழைய சீனியர் ஒய்காவாவிடம் போய்க் குனிந்து கேட்கிறான். அந்த ஆள் அவன் குனிகிறதைக் கூட வந்த சின்னப் பையனை விட்டுப் படம் எடுக்க வைக்கிறான், அது வேறு. அப்புறம்தான் சொல்கிறான்: அந்தக் குள்ளனுக்கு வேண்டிய பந்தைத்தான் கொடுக்கிறாயா? அடியை நடத்துகிறவன் அவன், நீ இல்லை. எதிரி வாயிலிருந்து வந்ததால் காகேயாமாவுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். சொந்த அணியில் யார் சொல்லியிருந்தாலும் முறைத்திருப்பான்.

தோற்க இடம்? கோடைப் பயிற்சி முகாம். கராசுனோ அங்கே செட்டுக்குச் செட்டு தோற்கிறது. ஏனென்றால் இவர்கள் இருவர் மட்டுமா, அணி முழுக்க ஆளுக்கொரு அரைகுறை வித்தையோடு வந்திருக்கிறது. அசாஹி ஜம்ப் சர்வைப் பழக்குகிறான். லிபரோ (பின்வரிசையில் பந்தை எடுக்க மட்டும் நிற்கிற ஆட்டக்காரன்) நிஷினோயா மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து எகிறிப் பந்தைத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறான். கோட்டுக்கு முன்னால் நின்று லிபரோ விரல்களால் தூக்கிக் கொடுத்தால், நெட் உயரத்துக்கு மேலே அதை அடிக்கக் கூடாது என்பது விதி, அதனால் இந்தச் சுற்றுவழி. அணியின் இன்னொரு செட்டர் சுகாவாரா எல்லோரையும் ஒரே நேரத்தில் எழும்ப வைக்கப் பார்க்கிறான். ஒன்றும் ஒட்டவில்லை. தோற்றால் தண்டனை மேட்டில் ஓடுவது. அவ்வளவுதான் விலை. வேர்க்கும், கால் வலிக்கும், யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

அந்த முகாமில் ஒரு இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். நின்று விழுகிற பந்து சரியாக வராமல், காகேயாமா கை கொஞ்சம் தளர்ந்து, அடிக்கத் தோதான சாதாரணப் பந்து ஒன்றைப் போட்டுவிடுகிறான். ஹினாட்டா நன்றி சொல்ல வேண்டாமா? கோபப்படுகிறான். விட்டுக்கொடுத்து விளையாடினாயா என்று கேட்கிறான். பொறுப்பைக் கேட்டு வாங்கியவன் கேட்கிற கேள்வி அது.

நிஜ ஜப்பானிய வாலிபாலிலும் இதற்குக் கதை உண்டு. உயரமான ஐரோப்பியர்களைச் சமாளிக்க பயிற்சியாளர் மட்சுதைரா யாசுதாகா ஆண்கள் அணிக்குக் குயிக் அடிகளையும், ஒருவர் எழும்பி ஏமாற்ற இன்னொருவர் அடிக்கிற நேர வித்தியாசத் தாக்குதல்களையும் வளர்த்தெடுத்தார். 1964 டோக்கியோவில் வெண்கலம், 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். அந்த மியூனிக்கிலும் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்டையும் விட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தார்கள். வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே எட்டு வருடம். எந்தக் கம்பெனி தரும்?

எங்கள் கம்பெனி எட்டு மணி நேரம்கூடத் தராது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் எண்ணிக்கை இருக்கிறது. அனிமேயில் காசுப் பேச்சு அதிகம் வருவதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம். அதனால் எங்கள் முகாம் சிவப்பு பின்னிலிருந்து வந்தது. ஃபவுண்டரியிலிருந்து வருகிற வார்ப்பில் ப்ளோஹோல் (காற்று ஓட்டை) விழுந்ததை நான் ஒதுக்கி வைப்பேன். திருப்பி அனுப்பினாலும் உருக்கத்தான் போகிறார்கள். அதில் கொஞ்சத்தை செட்டர் அண்ணன் கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. கணக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

கன்ட்ரோலில் ஆஃப்செட்டுக்கு வரம்பு வைக்கிற பாராமீட்டர் ஒன்று இருக்கிறது. ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் அடித்தால் ஏற்காது. இத்தனை வருடம் யாரும் அதைத் தொட்டதில்லை, தொட வேண்டிய தேவையும் வரவில்லை. அவர் எங்கேயோ விசாரித்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். யாரிடம் என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பராமரிப்புக்காக மிஷின் நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில் பையனை வரச்சொல்லி, அந்த ஓட்டை வார்ப்புகளை மாட்டி, வேண்டுமென்றே தப்பான எண்ணை அடிக்கச் சொன்னார். ப்ளஸ்சுக்கு மைனஸ். புள்ளி இல்லாமல். பெரிய எண்ணுக்கு மிஷின் சத்தம் போட்டு மறுத்தது. சின்ன எண்ணுக்கு வாங்கிக்கொண்டு தப்பாகக் கடைந்தது. "இப்ப அளந்து பாரு. எந்தப் பக்கம் போயிருக்குது?" என்று ஒவ்வொன்றுக்கும் பையன் கையில் கேஜைக் கொடுத்தார். குறியைத் தப்பாக அடித்தால் அளவு எந்தப் பக்கம் ஓடும் என்பதை வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. கெட்ட பீஸைக் கையில் வைத்து அளந்தால் ஏறும்.

அதன்பின் அந்த மிஷினில் மட்டும் ஆபரேட்டரே ஆஃப்செட் கொடுக்கலாம் என்றானது. கொடுத்த ஒவ்வொரு மைக்ரானையும் தாளில் எழுத வேண்டும். என் மேசைக்கு வரும் தாள் அது. பையன் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், ஆனால் எண்கள் சரியாக இருக்கும். ஒருநாள் போர் மேல்வரம்பைத் தொட்டு நின்றபோது செட்டர் அண்ணன் தானாகப் போய் எண்ணைக் குறைத்துவிட்டு வந்தார். பையன் என்னிடம் வந்து புலம்பினான்: "நான் பாத்துட்டுத்தானுங்ணா இருந்தேன்." அவரிடம் நேரே போய்ச் சொல்லு என்றேன். சொன்னான். அவர் சிரித்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். "செரி" என்றார். அதற்குப் பிறகு கூப்பிட்டால் மட்டும் வருகிறார்.

நைட் ஷிப்டில் இன்னும் சாவி செட்டர் பையில்தான் இருக்கிறது. அந்த ஷிப்ட் செட்டருக்கு இதில் நம்பிக்கை இல்லை, அவரைக் கட்டாயப்படுத்துவதும் சரியில்லை என்பது என் எண்ணம். அவருடைய ஆபரேட்டர் சேர்ந்து மாதம் ஆகவில்லை.

இப்போது பையன் ரஃப் கட்டில், அதாவது முதலில் முரட்டுத்தனமாகக் கடைகிறபோது, ஃபீடை (டூல் நகர்கிற வேகம்) ஏற்றிப் பார்க்கணும் என்கிறான். சைக்கிள் நேரம் குறையும் என்று கணக்குப் போட்டுத் தாளில் எழுதியே கொண்டுவந்தான். இன்செர்ட் தாங்காது என்கிறார் செட்டர் அண்ணன். இரண்டு பேரும் என் மேசை முன்னால் நின்று பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த லாட்டில் ஃபவுண்டரிக்காரர்கள் அநியாயத்துக்கு நன்றாக வார்த்து அனுப்பியிருக்கிறார்கள், சிவப்பு பின்னில் ஒன்றும் தேறவில்லை. அடுத்த லாட் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.