கோடு விழுந்ததும் 'பாசிட்டிவ்' இல்லை: வேலூர்ப் பயிற்சி நாட்குறிப்பு

மே 6, 2024, திங்கள்

குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ஆய்வக நுட்பநர்களுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனைப் பயிற்சி. கத்திரி தொடங்கிவிட்டதால் விரல் ரத்தத்தில் சோதிக்கிற கிட்டைப் பாதுகாப்பதிலிருந்தே ஆரம்பித்தாயிற்று. சில கிட்டுகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். சில 30 வரை தாங்கும். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். வேலூர் வெயில் 40-ஐத் தாண்டுகிற மாதத்தில் வண்டி டிக்கியில் கிடந்த கிட்டை நம்பக்கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே உறையைப் பிரிப்பதும் தப்பு. அரை மணி நேரம் வெளியே இருந்து சூடு சமமாகட்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சோதனைப் பட்டையில் ஈரம் கோத்துவிடும்.

மே 7, செவ்வாய்

விரலில் குத்துவது. நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியின் பக்கவாட்டில். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுக்கணும். ஈரத்தில் குத்தினால் சொட்டு திரளாமல் பரவிவிடும். முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கணும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு: திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். கையை முதலிலேயே தொங்கவிட்டுத் தேய்த்துவிட்டால் பிழிய வேண்டியதில்லை. ரத்தத்தோடு விடுகிற பஃபர் திரவத்தின் பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்கணும். சாய்த்தால் குமிழி சேர்ந்து சொட்டு சிறுத்துவிடும். ஒரு கிட்டின் பஃபரை இன்னொன்றுக்கு ஊற்றவே கூடாது.

குறியீட்டு எண்ணையும் நேரத்தையும் ரத்தம் விடும் முன்பே கேசட்டில் (சோதனைப் பட்டை உள்ள பிளாஸ்டிக் தகட்டில்) எழுதிவிடணும். கூட்டம் நிற்கிற நாளில் 'அப்புறம் எழுதிக்கலாம்' என்றால் யாருடையது எது என்றே தெரியாது. முடிவைக் கிட்டோடு வரும் தாளில் போட்ட நேரத்துக்குள் படிக்கணும். தாமதித்தால் இல்லாத கோடும் தெரியும். கன்ட்ரோல் கோடு (சோதனை சரியாக நடந்தது என்று காட்டுவது) விழாவிட்டால் அந்த கேசட் செல்லாது, புதிதாக எடுக்கணும். தொற்றைக் காட்டும் கோடு மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான்.

மே 8, புதன்

நாள் முழுக்க ஒரே விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் கோடு விழுந்தால் அது 'ரியாக்டிவ்' (மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டியது), அவ்வளவுதான். நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வெவ்வேறு வகையான மூன்று கிட்டில் பார்த்து, மூன்றிலும் விழுந்தால்தான் பாசிட்டிவ். முதல் இரண்டில் விழுந்து மூன்றாவதில் விழாவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கணும். கணக்கு எளிது: தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேரைச் சரியாகச் சொல்கிற கிட் என்றாலும், தொற்றே இல்லாத 1,000 கர்ப்பிணிகளில் 5 பேருக்குக் கோடு விழும். அந்த 5 பேர் வீட்டில் அன்றே பூகம்பம் கிளப்பலாமா? 1986-ல் சென்னையில் எடுத்த ரத்தம் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சோதிக்கப்பட்டு நாட்டின் முதல் தொற்று தெரிந்தபோதும், அமெரிக்காவில் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்தார்கள்.

சொல்வதற்குப் பழகிய வாக்கியம்: "இது முடிவு இல்லம்மா. நம்பிக்கை மையத்துல மூணு டெஸ்ட் பாத்தாதான் சொல்ல முடியும். நானே கூட வரேன்." சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் பயத்தில் பலர் போகவே மாட்டார்கள்.

மாமியார் கூடவே உட்கார்ந்தால்: "அம்மா, நீங்க அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க, இங்க எல்லார்கிட்டயும் தனியாத்தான் பேசுவோம்." ஆம்பூர், வாணியம்பாடியில் உருது மட்டும் பேசுகிறவர் வந்தால் உறவுக்காரரை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது, உருது தெரிந்த ஊழியர் வேணும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் பரிசோதனை கிடையாது. கர்ப்பிணிகளைக் கூட்டமாக உட்கார வைத்து விளக்கலாம்; ஒப்புதல் ஒவ்வொருவரிடமும் தனித்தனி.

நெகட்டிவ் வந்தவரை ஒரு வரியில் அனுப்பிவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். தொற்று புதிதென்றால் கோடு விழாமலும் இருக்கலாம்; அதனால் சமீபத்தில் தொற்றுக்கான ஆபத்து நேர்ந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லணும்.

மே 9, வியாழன்

குத்திய லான்செட் (விரல் குத்தும் ஊசி) வெள்ளை டப்பாவில், கையுறை சிவப்புப் பையில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். ஊசி ஊழியரின் கையிலேயே குத்திவிட்டால் பிழியாமல், ஸ்பிரிட் ஊற்றாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவணும். தடுப்பு மாத்திரையின் முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள். ராத்திரி டூட்டியில் அந்த மாத்திரை எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பதை ஒவ்வொருவரும் தங்கள் நிலையத்தில் கேட்டுக்கொண்டு வரணும். நாளை அதைத்தான் முதலில் சரிபார்க்கிறோம்.