பொட்டியில போட்டிருக்குற பேர நம்பாதீங்க: கேப்சர் ஸ்டிக்குக்கு டிரைவர் தேடி அலைஞ்ச மூணு வாரம்

பழைய வீடியோ கேசட்ட லேப்டாப்ல ஏத்துற வேலை நேத்து நைட்டு பதினோரு மணிக்குத்தான் முடிஞ்சுது, கோவம் இன்னும் அடங்கல. சூட்டோட எழுதிடுறேன், பழைய வீடியோ கேசட்ட கையில வெச்சிகிட்டு நிக்கிற யாருக்காவது உதவும்.

எங்க வீடு புளியந்தோப்பு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல கீழ இருந்த பீரோ, ஆல்பம் எல்லாம் போச்சு, பரண் மேல கிடந்ததால அக்கா காதுகுத்து கேசட் மட்டும் தப்பிச்சுது. 1995ல எடுத்தது. அப்பா இப்ப இல்ல, அவரு குரல் எங்ககிட்ட வேற எதுலயும் கிடையாது, அம்மா ஒரு வருஷமா கேட்டுகிட்டே இருந்தாங்க. கேசட்ட ஓட்டுற டெக்க தெரிஞ்ச ஸ்டுடியோ அண்ணன் குடுத்தாரு, ஹெட்டு கிளீன் பண்ணியே குடுத்தாரு.

டெக்குல ஓடுற படத்த லேப்டாப்புக்குள்ள ஏத்துற கேப்சர் ஸ்டிக்க பஜார்ல வாங்கினேன். ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் மஞ்சள், செவப்பு, வெள்ளை ஒயர். எல்லா விண்டோஸுக்கும் ஓகேன்னு பொட்டியிலயே அச்சடிச்சிருந்தான். கூட டிரைவர், அதாவது அந்த ஸ்டிக்க விண்டோஸோட பேச வெக்கிற சாஃப்ட்வேர், இருக்குற ஒரு குட்டி சிடி, ஆனா என் லேப்டாப்ல சிடி டிரைவே கிடையாது. பெரம்பூர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல குடுத்து பென் டிரைவ்ல ஏத்திகிட்டு வந்து போட்டா, டிவைஸ் மேனேஜர்ல (லேப்டாப்புல சேந்திருக்குற சாதனமெல்லாம் காட்டுற விண்டோஸ் பக்கம்) மஞ்ச முக்கோணம் அப்படியே நிக்குது, கோடு 28, அதாவது டிரைவரே ஏறலன்னு அர்த்தம். மறுபடி பஸ் புடிச்சு கடைக்குப் போனேன். கடைக்காரரு ஸ்டிக்க சொருகிக்கூட பாக்கல, "உன் விண்டோஸ்தான் தம்பி பிராப்ளம், ஃபார்மட் போட்டுடு"ன்னுட்டாரு. யாரு சொன்னாலும் இதுக்காக ஃபார்மட் போடாதீங்க.

அடுத்து நெட்ல தேடினேன், எல்லா டிரைவரையும் தானா அப்டேட் பண்ணித் தரேன்னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, போட்டேன். ஸ்கேன் பண்ணி ஏகப்பட்ட டிரைவர் பழசுன்னு பயமுறுத்திட்டு பணம் கேட்டுச்சு, என் ஸ்டிக்கு பேரு அந்த லிஸ்ட்லயே இல்ல. அத கழட்டி எறியவே ஒரு ஞாயித்துக்கெழமை போச்சு.

கடைசில வழி காட்டுனது டிவைஸ் மேனேஜரேதான். முக்கோணம் போட்ட பேரு மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதுல ஹார்டுவேர் ஐடிஸ். எனக்கு விஐடி (கம்பெனி நம்பர்) 1பி71, பிஐடி (பொருள் நம்பர்) 3002ன்னு இருந்துச்சு, அது யூடிவி007ங்குற சிப்பு. சிடியில இருந்த ஐஎன்எஃப் ஃபைல (டிரைவர் எந்த சாதனத்துக்குன்னு எழுதியிருக்குற ஃபைலு) நோட்பேட்ல தொறந்தா உள்ள 05இ1, 0408ன்னு இருக்கு, அது எஸ்டிகே1160, வேற சிப்போட டிரைவர்! பாக்க ஒரே மாதிரி இருக்குற இந்த ஸ்டிக்குக்குள்ள எம்பியா, சோமேஜிக்னு இன்னும் வேற சிப்பெல்லாம்கூட வருது, அதனால பொட்டி பேர வெச்சு தேடினா கெடைக்கவே கெடைக்காது, அந்த நம்பர வெச்சு தேடுங்க. எறக்குன ஃபைல உடனே இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, ஐஎன்எஃப்ப தொறந்து உங்க நம்பர் உள்ள இருக்கான்னு பாத்துட்டு, வைரஸ் ஸ்கேனும் போட்டுட்டு அப்புறம் ஏத்துங்க. விண்டோஸ் 64 பிட்னா டிரைவரும் 64 பிட்டாதான் இருக்கணும். கோடு 52 வந்தா அது டிரைவர்ல டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பிரச்சினை, வேற வெர்ஷன் தேடுங்க.

சரியான டிரைவர் ரெண்டு நிமிஷத்துல ஏறிடுச்சு. ஆனா படம் கருப்பு வெள்ளையா உருண்டுகிட்டே இருக்கு, கேசட்டே போச்சுன்னு அம்மா கண்ணு கலங்கிடுச்சு. கேப்சர் செட்டிங்ல அமெரிக்கா டிவி முறையான என்டிஎஸ்சின்னு (NTSC) இருந்ததுதான் காரணம், நம்ம ஊரு கேசட்டு பால் (PAL) முறை. பால் பிக்கு மாத்தினதும் அக்காவோட ரோஸ் கலர் பாவாட பளிச்சுனு வந்துச்சு. சத்தம் வரல. பிரைவசி செட்டிங்ல மைக்ரோஃபோன் அனுமதி ஆஃப்ல இருந்துச்சு, ஆன் பண்ணி, ரெக்கார்டிங்ல லேப்டாப் மைக்குக்குப் பதிலா ஸ்டிக்கோட ஆடியோவ செலக்ட் பண்ணதும் அதுவும் வந்துச்சு. யூஎஸ்பி ஹப்ல சொருகாதீங்க, எனக்கு படம் விட்டு விட்டு வந்துச்சு, நேரா லேப்டாப்லயே சொருகினதும் அந்தத் தொல்லை நின்னுடுச்சு.

மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரமும் ஓடித்தான் ஆகணும், இதுல குறுக்கு வழி இல்ல. அந்தக் காலத்து வழக்கப்படி முக்காவாசி இடத்துல சத்தத்த எடுத்துட்டு சினிமா பாட்டு போட்டு மிக்ஸ் பண்ணியிருந்தாங்க. பந்தி ஓடுற எடத்துல மட்டும் பாட்டு நிக்குது. அப்பா கையில சாம்பார் வாளியோட குனிஞ்சு, "இந்தப் பக்கம் எலைக்கு சாதம் வரல பாரு"ன்னு யாருக்கோ குரல் குடுக்குறாரு. அம்மா அந்த எடத்த நாலு தடவ போடச் சொன்னாங்க.