உச் கொட்டுறவங்க நடுவுல என் தம்பி

என் தம்பிக்கு 24 வயசு, ஆட்டிசம், என்னை விட ஒரு ஜாண் உயரம். சின்ன வயசுல கூட்டத்துல கையை உதறிக்கிட்டு குதிச்சா "செம சுட்டி"ன்னு சிரிச்சுட்டு போவாங்க, அதையே மீசை முளைச்சப்புறம் பண்ணா பக்கத்துல நிக்கிறவங்க பையை இறுக்கி பிடிச்சுக்கிறாங்க. அவன் பண்றது என்னமோ அதேதான்.

முறைக்கிறவங்களை கூட சமாளிச்சுடுவேன், இந்த உச் கொட்டுறவங்கதான் முடியல. ஒரு தடவை லிஃப்ட்ல ஒரு ஆன்ட்டி அவனை மேலயும் கீழயும் பாத்துட்டு என்கிட்ட "பாவம், பேச்சு வராதாம்மா?"ன்னாங்க. அவன் அப்போ "கதவு மூடுகிறது"ன்னு லிஃப்ட் சொல்றதை அதே குரல்ல சொல்லிட்டிருந்தான், அச்சு அசல்! கேட்டதை திருப்பி சொல்ற இதுக்கு எக்கோலாலியான்னு பேரு. வெறும் கிளிப்பிள்ளை பேச்சு இல்ல, சில நேரம் பதட்டத்தை அடக்கிக்க, சில நேரம் நிஜமாவே ஏதோ சொல்ல. "அவன்கிட்டயே கேளுங்க ஆன்ட்டி"ன்னேன். கேக்கல, மூணு மாடியும் தரையை பாத்துட்டே வந்தாங்க.

குழந்தைங்க "அண்ணா ஏன் இப்படி பண்றாங்க?"ன்னு சத்தமா கேட்டா எனக்கு பிடிக்கும், "சந்தோஷமா இருந்தா அவனுக்கு கை பறக்கும்"னு சொன்னா சரின்னு போயிடுதுங்க. வாயைப் பொத்தி இழுத்துட்டு போற அப்பா அம்மாதான் பிரச்சனை.

மெல்ட்டவுன் வர்ற நாள்தான் நிஜமான கஷ்டம். சத்தம், வெளிச்சம், கூட்டம் எல்லாம் சேர்ந்து தாங்க முடியாம போனா தரையில உக்காந்து கத்துவான். அடம் பிடிக்கிற பிள்ளைன்னா கேட்டதை குடுத்தா நிறுத்திடும், இது அப்படி இல்ல, எதை குடுத்தாலும் நிக்காது, சுத்தி சத்தம் குறையணும், நாம பேச்சை குறைக்கணும், அப்புறம் காத்திருக்கணும் அவ்வளவுதான். "ரெண்டு போட்டா சரியாயிடும்"னு சொல்ல மட்டும் எங்கிருந்தாவது ஒருத்தர் வந்துடுவார்.

காலேஜ் படிக்கிறப்போ ஒரு தடவை அம்மா அவனோட தரையில உக்காந்திருந்தாங்க, நான் பத்தடி தள்ளி நின்னு போன் பாத்துட்டிருந்தேன், யாரோ மாதிரி. அம்மா இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி கேட்டதில்ல.

2016ல லண்டன் பக்கம் காட்விக் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சாங்களே, வெளிய தெரியாத குறைபாடு இருக்கிறவங்க போட்டுக்கிற சூரியகாந்தி படம் போட்ட பச்சை பட்டை, அதை வாங்கிப் பாத்தோம். ஊரு புரிஞ்சுக்கிறதுக்கு இவன் ஏன் கழுத்துல மாட்டிக்கணும்னு எனக்கும் அம்மாவுக்கும் பெரிய வாக்குவாதம். கழுத்துல எது பட்டாலும் அவனுக்கு ஆகாது, ரெண்டே நிமிஷத்துல கழட்டி என் கையில குடுத்துட்டான். அதோட பேச்சு முடிஞ்சது.

இப்போ நான் பண்றது ஒண்ணுதான், கூட்டத்துக்கு முதுகை காட்டிட்டு அவனுக்கு எதிர்ல உக்காந்துடுவேன். யார் எப்படி பாக்குறாங்கன்னு எனக்கே தெரியாது. போன மாசம் அப்படி உக்காந்திருந்தப்போ பின்னாடியிருந்து ஒருத்தர் "நான் என்ன பண்ணட்டும்?"னு மெதுவா கேட்டார். "யாரும் நின்னு பாக்காம போனா போதும்"னேன். அதையே அவர் வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி அனுப்பிட்டே இருந்தார், முகத்தை கூட நான் சரியா பாக்கல.

இருபது நிமிஷம் கழிச்சு தம்பி எழுந்து பேண்ட்டை தட்டிக்கிட்டு என் கையை பிடிச்சு சொன்னான், "கதவு மூடுகிறது."

வீட்டுக்கு கிளம்பிட்டோம்.